குற்றால அருவி எச்சரிக்கையும் இணையச் சேவை வழங்கியின் செய்தித் தகவமைப்பும்: தமிழ் எழுத்தலகு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வலையமைப்பின் வழியே வரும் செய்தி பைட்டுகளின் வரிசையாகவே வந்து சேர்கிறது; இணையச் சேவை வழங்கியில் இயங்கும் நிரலோ எழுத்துகளை எதிர்பார்க்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, முன்னதைப் பின்னதற்கு ஏற்ற வடிவில் அமைத்துத் தரும் மென்பொருள் பகுதி இக்கட்டுரையில் ‘தகவி’ எனப்படுகிறது. தமிழ் உரை சிதையும் இடங்களுள் முதன்மையானது தகவியே என்பதையும், அச்சிதைவுக்குக் காரணம் எழுத்து, குறியலகு, பைட்டு என்னும் மூவகை அலகுகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக எண்ணப்படுவதே என்பதையும், குற்றால அருவியின் வெள்ள எச்சரிக்கை ஒன்றை மாதிரியாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தகவி, இணையச் சேவை, ஒருங்குறி, எழுத்தலகு, குறியாக்கம், குற்றாலம், தென்காசி.

முன்னுரை

தென்காசியை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிற்றாற்றின் கரையில் அமைந்தது குற்றாலம். தமிழாய்வாளர்க்கு இவ்வூர் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியால் அறிமுகமானது, ரசிகமணி டி. கே. சிதம்பரநாதர் தம் பிற்காலத்தைக் கழித்த ஊர் என்னும் நினைவும் உடன் வரும். பொதுமக்களுக்கோ இது பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என அருவிகளின் ஊர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைச் ‘சீசன்’ என்றே இவ்வட்டாரம் வழங்குகிறது.

அருவியின் அடியில் நிற்பவருக்கு மலைமேல் பெய்யும் மழை தெரிவதில்லை. கீழே வெயில் அடிக்கும்போதும் மேலிருந்து வெள்ளம் இறங்கக்கூடும். 2024ஆம் ஆண்டு மே 17 அன்று, சீசன் தொடங்குவதற்கு முன்னரே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுடைய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்நிகழ்வு இங்கே செய்திப் பிழை எதற்கும் சான்றாகக் காட்டப்படவில்லை. எச்சரிக்கை ஒன்று புறப்பட்டுச் சேர்வதற்கு அருவி தரும் கால இடைவெளி எத்துணைக் குறுகியது என்பதற்கே காட்டப்படுகிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் வந்து சேரும் செய்தி, படிக்க இயலாத கட்டங்களாகவோ பாதியில் அறுந்த தொடராகவோ வருமாயின், அது வராத செய்தியே ஆகும்.

இந்தியாவில் பேரிடர் எச்சரிக்கைகளைப் பரப்புவதற்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக சி-டாட் நிறுவனம் உருவாக்கிய ‘சசேத்’ அமைப்பு, பொது எச்சரிக்கை நெறிமுறை என்னும் பன்னாட்டுத் தரத்தை அடியொற்றியது. இத்தரத்தின் 1.2ஆம் பதிப்பு 2010இல் வெளியானது. ஒரே எச்சரிக்கையைப் பல மொழிகளில் தனித்தனித் தகவல் பகுதிகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மொழிக்குறி இடுவதற்கு அது வகைசெய்கிறது. எனவே தமிழுக்கு இடமுண்டா என்பது இன்று கேள்வியன்று. தமிழ் அவ்விடத்துக்கு முழுமையாக வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

இத்தகைய சேவைகளை உருவாக்கும் பணி பெருநகரங்களுக்கு மட்டும் உரியதாக இல்லை என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில், வலையமைப்பு மேலாண்மை மென்பொருளோடு தொடங்கிய ஜோகோ நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கிவருகிறது. இணையச் சேவை என்பது இவ்வட்டாரத்தில் அன்றாடத் தொழிலாகவே ஆகியுள்ளது.

தகவி: சொல்லும் பணியும்

ஆங்கிலத்தில் ‘அடாப்டர்’ எனப்படுவதற்குத் தமிழில் பொருத்தி, ஏற்பி, தகவி என்னும் சொற்கள் வழங்குகின்றன. மின்செருகிக்கும் குழாய் இணைப்புக்கும் ‘பொருத்தி’ போதும். அங்கே இரு முனைகளும் மாறுவதில்லை, நடுவில் ஒன்று சேர்கிறது, அவ்வளவே. ‘ஏற்பி’ பெறும் முனையை மட்டும் சுட்டுகிறது. செய்தியின் வடிவத்தையே மறுமுனைக்குத் தக மாற்றும் பணியை, ‘தகவு’ என்னும் அடியினின்றும் பிறந்த ‘தகவி’ சரியாக உணர்த்துகிறது. ஆதலின் அச்சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

தகவியின் பணியைப் பின்வருமாறு விளக்கலாம். டிசிபி என்னும் கடத்து நெறிமுறை, அனுப்பிய பைட்டுகளை அனுப்பிய ஒழுங்கிலேயே சேர்ப்பிக்கிறது. ஆயின் ஒரு செய்தி எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதை அது அறியாது. அதன் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஓடை. எச்டிடிபி நெறிமுறை அவ்வோடைக்குக் கரை கட்டுகிறது: முதல் வரி, தலைப்புரைகள், ஒரு வெற்று வரி, அதன்பின் உடல். இக்கட்டமைப்பை உணர்ந்து, உடலையும் தலைப்புரைகளையும் பிரித்து, சேவை நிரல் கையாளத்தக்க மாறிகளாக ஒப்படைப்பது தகவி. 1993இல் தோன்றிய சிஜிஐ முறை இதற்கு முன்னோடி. அது 2004இல் ஆர்.எஃப்.சி. 3875ஆக ஆவணப்படுத்தப்பட்டது. பைத்தான் மொழியில் 2003இல் வகுக்கப்பட்டு 2010இல் திருத்தப்பட்ட டபிள்யூஎஸ்ஜிஐ இடைமுகம் அம்மரபில் வந்தது.

உயிரீற்று நிலைமொழிமுன் உயிர் முதலாகிய வருமொழி வரும்போது, இரண்டும் உடம்படுவதற்கு இடையில் யகரமோ வகரமோ தோன்றுவதை நன்னூல் உடம்படுமெய் என்கிறது. தகவியை உடம்படுமெய்யோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்பே. ஒப்புமை ஓரளவே பொருந்தும்: உடம்படுமெய் இருபுறச் சொற்களையும் மாற்றாமல் நடுவே நிற்கிறது, தகவி தான் பெற்றதை உருமாற்றியே தருகிறது. அவ்வகையில் தகவியின் வேலை திரிதல் விகாரத்துக்கே நெருக்கமானது. ஒப்புமை வலுப்பெறும் வேறோர் இடம் உண்டு. அது பின்னர்க் காட்டப்படும்.

எழுத்து, குறியலகு, பைட்டு

தமிழ் மரபில் ‘தெ’ என்பது ஓர் எழுத்து. ஒருங்குறியில் அது தகரம், எகரக் குறி என்னும் இரு குறியலகுகளால் ஆனது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியலகு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். தகரம் 224, 174, 164 என்னும் மூன்று எண்களாகவும், வகரம் 224, 174, 181 என்னும் மூன்று எண்களாகவும் கம்பியில் பயணம் செய்கின்றன. ஆக, ‘தென்காசி’ நான்கு எழுத்து, எட்டுக் குறியலகு, 24 பைட்டு. ‘குற்றாலம்’ ஐந்து எழுத்து, ஒன்பது குறியலகு, 27 பைட்டு.

இந்த அமைப்பைத் தமிழிலக்கணத்துக்கு முற்றிலும் முரணானது என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. ஒலிநிலையில் அக்கூற்று சரியே: க் என்னும் மெய்யே அடிப்படை, அதனோடு அகரம் கூடிப் பிறப்பது க. வரிவடிவ நிலையிலோ தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளியை அடையாளமாகக் கூறி, புள்ளி நீங்கிய வடிவம் அகரத்தோடு இயைந்து நிற்பதாகக் கொள்கிறது. புள்ளியில்லாத வடிவை அடியாகவும் புள்ளியைச் சேர்க்கையாகவும் வைத்த ஒருங்குறி, வரிவடிவக் கூற்றைத் தழுவி ஒலிக்கூற்றைக் கைவிட்டது எனல் வேண்டும். சிக்கல் அம்முடிவினால் மட்டும் வந்ததன்று. எந்த அலகில் எண்ணுகிறோம் என்று சொல்லாமலே எண்ணுவதால் வந்தது.

முகவரியில் ஊர்ப்பெயர் இடம்பெறும்போது அலகு மேலும் பெருகுகிறது. இணைய முகவரியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் அல்லாத ஒவ்வொரு பைட்டும், விழுக்காட்டுக் குறியோடு இரு பதினறும இலக்கங்களாக எழுதப்பட வேண்டும். ‘தென்காசி’யின் 24 பைட்டுகள் 72 எழுத்துருக்கள் ஆகின்றன. இடையிலுள்ள ஏதேனும் ஒரு வழங்கி இதனை மீண்டும் ஒருமுறை அவ்வாறே மாற்றினால் விழுக்காட்டுக் குறியே மூன்று உருவாக விரிந்து மொத்தம் 120 ஆகும். ஒருமுறை மட்டும் மீட்கும் தகவியின் கையில் ஊர்ப்பெயர் கிடைக்காது, விழுக்காட்டுக் குறிகளே கிடைக்கும். மேற்கூறிய டபிள்யூஎஸ்ஜிஐ முறையில் இன்னொரு நுட்பம் உள்ளது. அது முகவரியின் பைட்டுகளை மேலை ஐரோப்பிய இலத்தீன் எழுத்துகளாகவே பாவித்து நிரலிடம் தருகிறது. நான்கெழுத்துத் ‘தென்காசி’ 24 பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றும். அவற்றை மீண்டும் பைட்டுகளாக்கி, யூடிஎஃப்-8 எனக் கொண்டு படித்தால்தான் தமிழ் மீளும். இது பிழையன்று, அவ்விடைமுகத்தின் விதி. விதியை அறியாதவர்க்கு மட்டும் பிழையாகத் தெரியும்.

மழைமானி போன்ற கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி நெறிமுறையிலும் இந்நிலை உண்டு. அதன் பழைய காட்சிச் சரம் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்றது. பின்னர் வகுக்கப்பட்ட மேலாண்மைச் சரம் யூடிஎஃப்-8ஐ ஏற்கிறது. ஆயின் 255 பைட்டு வரையில்தான். ஆங்கிலத்தில் 255 எழுத்துகளுக்கு இடமுள்ள அப்பெட்டியில் தமிழுக்கு 85 குறியலகுகளே கொள்ளும். கருவி நிற்கும் இடத்தின் பெயரை விரிவாக எழுதுவோர் இவ்வெல்லையை எளிதில் முட்டுவர்.

செய்தியின் நீளம்

ஆய்வுக்காகப் பின்வரும் எச்சரிக்கை மாதிரியாக அமைக்கப்பட்டது:

“குற்றாலம் பேரருவியில் வெள்ளப்பெருக்கு. குளிக்கத் தடை. உடனே வெளியேறவும்.”

இதில் தமிழ் எழுத்துகள் 35. அவற்றின் குறியலகுகள் 62. ஆறு இடைவெளிகளையும் மூன்று முற்றுப்புள்ளிகளையும் கூட்டினால் 71 குறியலகுகள். யூடிஎஃப்-8இல், 62 தமிழ்க் குறியலகுகள் 186 பைட்டுகளும் ஏனைய ஒன்பதும் ஒவ்வொரு பைட்டும் ஆக, மொத்தம் 195 பைட்டுகள்.

எச்டிடிபி தலைப்புரைகளுள் உடலின் நீளத்தைச் சொல்லும் தலைப்புரை பைட்டுக் கணக்கையே கேட்கிறது. அனுப்பும் நிரலை எழுதியவர், மொழியில் கிடைக்கும் நீளச் செயற்கூற்றை அப்படியே பயன்படுத்திக் குறியலகுக் கணக்கைத் தந்துவிட்டால் 195 இருக்க வேண்டிய இடத்தில் 71 அமையும். ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு இப்பிழை ஒருபோதும் புலப்படாது. ஆங்கிலத்தில் இரு கணக்கும் ஒன்றே. பெறும் தகவி தலைப்புரையை நம்பி 71 பைட்டுகளை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். ‘குற்றாலம்’ 27, இடைவெளி ஒன்று, ‘பேரருவியில்’ 33, இடைவெளி ஒன்று என 62 பைட்டுகள் போக, எஞ்சிய ஒன்பதில் வகரமும் எகரக் குறியும் ளகரமும் அடங்கும். சேவை பெறும் செய்தி இதுதான்:

“குற்றாலம் பேரருவியில் வெள”

இம்மாதிரியில் வெட்டு ஒரு குறியலகின் எல்லையிலேயே விழுகிறது. ஆதலின் பெறும் நிரல் குறியாக்கப் பிழை எதனையும் காணாது. எச்சரிக்கையின் தடையும் கட்டளையும் ஓசையின்றி மறைகின்றன. அதனினும் தீயது ஒன்று உண்டு. இணைப்பு தொடர்ந்து திறந்திருக்குமாயின், எடுக்கப்படாத 124 பைட்டுகள் அடுத்த செய்தியின் தொடக்கமாகக் கொள்ளப்படும். அடுத்து வரும் முறையான எச்சரிக்கையும் அதனால் கெடும்.

நீளத்தைத் தகவி திருத்த இயலாது. அது அனுப்புபவரின் கூற்று. தகவி செய்யக்கூடியது, பொருந்தாத எச்சம் கண்டவுடன் அவ்விணைப்பை மூடிப் பிழையை அறிவிப்பதே. பிழையை வாய்விட்டுக் கூறும் தகவி, விழுங்கிவிடும் தகவியினும் மேலானது என்பதில் ஐயமில்லை.

துண்டுபடும் எழுத்து

நீளம் சரியாகவே அமைந்தாலும் வேறோர் இடர் உண்டு. வழங்கி செய்தியை ஒரே மூச்சில் பெறுவதில்லை; இடையகம் கொள்ளும் அளவுக்குப் பகுதி பகுதியாகப் பெறுகிறது. இடையகம் 64 பைட்டு எனக் கொள்வோம். மாதிரிச் செய்தியில் 62ஆம் பைட்டோடு இரண்டாம் இடைவெளி முடிகிறது. 63, 64ஆம் பைட்டுகள் ‘வெள்ளப்பெருக்கு’ என்னும் சொல்லின் வகரத்துக்குரிய 224, 174 ஆகியவை. மூன்றாவதாகிய 181 அடுத்த பகுதியில் வருகிறது. ஒவ்வொரு பகுதியையும் வந்தவுடனே எழுத்தாக்கும் தகவி, முதற்பகுதியின் இறுதியில் முடிவுறாத பைட்டுகளைக் கண்டு ஒரு மாற்றுக்குறியை இடும். இரண்டாம் பகுதியின் முதலில் தனித்து நிற்கும் 181ஐக் கண்டு மற்றொன்றை இடும். கருநிறச் சாய்சதுரத்துள் வினாக்குறியாகத் திரையில் தோன்றுபவை இவையே. அடுத்து வரும் எகரக் குறி சார்ந்து நிற்க மெய்யின்றித் தவிக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே ஆதலின், எந்த இடத்தில் வெட்டினும் ஆங்கிலம் நலிவதில்லை.

முன்னர்ச் சுட்டிய இலக்கண ஒப்புமை இங்கேதான் வலுப்பெறுகிறது. புணர்ச்சியில் நிலைமொழியின் ஈறு வருமொழியின் முதல் இன்னதெனத் தெரியும்வரை இறுதி வடிவம் பெறுவதில்லை. நல்ல தகவியும் அவ்வாறே இயங்குகிறது: 224, 174 என்னும் எச்சத்தை எழுத்தென்றும் தீர்மானியாது, பிழையென்றும் தள்ளாது, அடுத்த பகுதி வரும்வரை தன்பால் வைத்துக்கொள்கிறது. நினைவுடைய குறிநீக்கி என இதனைக் கூறலாம். பெரும்பாலான நிரல்மொழிகளில் இக்கருவி ஆயத்தமாகவே உள்ளது. உடல் முழுவதும் சேர்ந்தபின் ஒரே இடத்தில், ஒரே முறை எழுத்தாக்குவது அதனினும் எளிய வழி. சிறு எச்சரிக்கைகளுக்கு அதுவே போதும்.

பழைய தமிழ்க் குறியாக்கங்களிலிருந்து மாற்றும் தகவிக்கு இப்பொறுமை இன்னும் மிகுதியாக வேண்டும். டிஸ்கி முறையில் எழுத்துகள் கண்ணால் காணும் ஒழுங்கில் சேமிக்கப்பட்டன: ‘தெ’ என்பதில் ஒற்றைக் கொம்பு முதலிலும் தகரம் அடுத்தும் நிற்கும். ஒருங்குறியில் தகரம் முந்தும், குறி பிந்தும். கொம்பைக் கண்ட தகவி அடுத்த பைட்டுக்குக் காத்திருக்க வேண்டும். மெய் வந்தபின்னும், தொடர்வது கால் எனில் எகரம் ஒகரமாகிவிடுமாதலின், மேலும் ஒரு பைட்டுக்குக் காத்திருக்க வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தொடக்கத்தில் டிஸ்கியில் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. மின்னூல்களில் அவ்வாறு மாற்றுவோர் முழுக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றலாம். ஓடும் செய்தியை மாற்றும் தகவிக்கு அவ்வசதி இல்லை.

தலைப்புரை கூறுவதும் உடல் கூறுவதும்

செய்தி எக்குறியாக்கத்தில் உள்ளது என்பதை யார் சொல்வது? எக்ஸ்எம்எல் ஆவணம் தன் முதல் வரியிலேயே தன் குறியாக்கத்தைக் கூறும். அதனைச் சுமந்துவரும் எச்டிடிபி தலைப்புரையும் கூறலாம். இரண்டும் முரண்பட்டால், அல்லது தலைப்புரை வாளாவிருந்தால் என் செய்வது என்பதில் விதிகள் மாறிவந்துள்ளன. 2001இன் ஆர்.எஃப்.சி. 3023, உரை வகை எக்ஸ்எம்எல் ஒன்று குறியாக்கம் சுட்டாத தலைப்புரையோடு வந்தால், ஆவணம் தன்னைப் பற்றி என்ன கூறினும் அதனை ஆங்கில ஆஸ்கியாகவே கொள்க என்றது. தமிழ் எக்ஸ்எம்எல் ஒன்று ‘நான் யூடிஎஃப்-8’ என்று தன் வாயால் கூறியும், உறைமேல் எழுதப்படாமையால் அக்கூற்று செல்லாதாயிற்று. 2014இல் ஆர்.எஃப்.சி. 7303 இவ்விதியை நீக்கி, ஆவணத்தின் சொல்லுக்கு மதிப்பளித்தது. பொதுவான உரைச் செய்திகளுக்கு மேலை ஐரோப்பியக் குறியாக்கத்தையே இயல்பெனக் கொண்ட எச்டிடிபியின் 1999ஆம் ஆண்டு விதியும் 2014இல் கைவிடப்பட்டது.

அமைப்புகளுக்கிடையே பரிமாறப்படும் ஜேசன் செய்தி யூடிஎஃப்-8இலேயே அமைய வேண்டும் என 2017இன் ஆர்.எஃப்.சி. 8259 வரையறுத்தது. ஆதலின் இன்று புதிதாக எழுதப்படும் சேவைகளில் இக்குழப்பம் பெரிதும் குறைந்துள்ளது. எனினும் பொது எச்சரிக்கை நெறிமுறை எக்ஸ்எம்எல் வடிவினது. பழைய விதியை உட்கொண்ட நூலகங்கள் எங்கேனும் இடையில் நின்றால் பழைய கேடு மீளும். தகவி தன் பங்குக்கு, தலைப்புரையில் குறியாக்கத்தை எப்போதும் வெளிப்படையாக எழுதி அனுப்புவது நலம்.

இரண்டு செங்கோட்டைகள்

பைட்டுகள் பழுதின்றி வந்து எழுத்தான பின்னும் ஒரே சொல் இருவேறு வடிவில் இருக்கக்கூடும். ‘செங்கோட்டை’ என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒருங்குறி ஒரே குறியலகாகவும் ஏற்கிறது. ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் ஏற்கிறது. முன்னதில் அவ்வூர்ப்பெயர் பத்துக் குறியலகு, 30 பைட்டு. பின்னதில் பதினொரு குறியலகு, 33 பைட்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் வழங்கிக்கு அவை இரு வேறு ஊர்கள். ஒரு வடிவில் பதிந்த கைப்பேசி எண்களுக்கு மற்ற வடிவில் வந்த எச்சரிக்கை செல்லாது. ‘பொதிகை’யும் அவ்வாறே ஆறாகவும் ஏழாகவும் எழுதப்படலாம்.

இவ்விரு வடிவங்களும் நிகரானவை என்று ஒருங்குறித் தரமே கூறி, ஒன்றாக்கும் இயல்பாக்க முறையையும் தருகிறது. தகவி எழுத்தாக்கிய உடனே அதனைச் செய்துவிடலாம். ஆயின் இயல்பாக்கம் தீர்க்காதவையும் உண்டு. ஔகாரக் குறியின் இடத்தில் கொம்போடு ளகரத்தைத் தட்டினால் தோற்றம் ஒன்றாயினும் அவை நிகரல்ல. ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ போன்ற பெயர்களின் முதலெழுத்து, 2005இல் ஒருங்குறி 4.1இல் ஶகரம் சேர்ந்தபின் இருவகைக் குறியலகு வரிசைகளால் எழுதப்படுகிறது. அவையும் நிகரெனக் கொள்ளப்படவில்லை. இவற்றுக்குத் தனிப்பட்டியல் வேண்டும்.

தகவி எங்கே நிற்க வேண்டும் என்பதையும் குற்றாலமே காட்டுகிறது. பேச்சில் ற்ற என்பது த்த என ஒலிப்பதால், தேடலை எளிதாக்க எண்ணி இரண்டையும் ஒன்றாக்கும் ஒரு விதியைத் தகவியில் சேர்க்கத் தோன்றலாம். அவ்வாறு செய்தால் தென்காசி மாவட்டக் குற்றாலமும் மயிலாடுதுறை மாவட்டக் குத்தாலமும் ஒன்றாகிவிடும். அருவியின் எச்சரிக்கை காவிரிச் சமவெளிக்குச் செல்லும். வடிவ வேறுபாட்டைக் களைவது தகவியின் எல்லைக்குள் அடங்கும். சொல் வேறுபாட்டைக் களைவது அடங்காது. அது சேவையின் அகராதி செய்ய வேண்டிய வேலை.

குறுஞ்செய்தியின் எழுபது

அருவிக்கரையில் நிற்பவர் கையில் எச்சரிக்கை சேரும் இறுதிப் படி பெரும்பாலும் குறுஞ்செய்தி. இணையச் சேவை தந்த உரையைக் குறுஞ்செய்தி வலையமைப்புக்கு ஏற்ப மாற்றுவதும் தகவியே. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஏழு இருமங்களில் எழுதப்படும் ஆங்கிலத்தில் அது 160 எழுத்து. இரு பைட்டுக் குறியலகுகளாகச் செல்லும் தமிழில் 70. நீண்ட செய்தியைப் பகுத்து அனுப்பும்போது, பகுதிகளை மீண்டும் கோப்பதற்கான தலைப்புக்கு ஆறு பைட்டுகள் போக, ஒவ்வொரு பகுதிக்கும் 67 குறியலகுகளே மிஞ்சும். கைப்பேசித் தரங்களில் தமிழுக்கென ஏழிரும அட்டவணை ஒன்றும் உண்டு. அதற்குரிய தலைப்பு போக 155 இடங்கள் கிடைக்கும். இரு முனைகளும் அதனை அறிந்திருந்தால் மட்டுமே அது பயன்படும்.

2010இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ஏற்றறிவித்த டேஸ்-16 முறையில் ஒவ்வொரு தமிழெழுத்தும் ஒரே குறியலகு. அம்முறையில் ‘செங்கோட்டை’ ஐந்தே அலகு. மாதிரிச் செய்தியின் தமிழ்ப்பகுதி 35 அலகு. இடச்சிக்கனத்தைப் பொறுத்தவரை அதற்கு நிகரில்லை. எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. பெறும் கருவி அறியாத இடத்தில் கட்டங்களாகவே தோன்றும். எச்சரிக்கை எல்லார் கருவியிலும் தெரிய வேண்டுமாதலின் இங்கு அது உதவாது.

மாதிரிச் செய்தி 71 குறியலகு என்பது முன்னரே கணக்கிடப்பட்டது. எல்லையைக் கடந்தது ஒரே ஒரு குறியலகு. அதுவும் இறுதி முற்றுப்புள்ளி. அப்புள்ளியை நீக்கினால் செய்தி ஒன்றாகவே செல்லும். நீக்காவிடில் இரண்டாகப் பிளந்து, முதற்பகுதி 67 குறியலகோடு “வெளியேறவ” என முடியும். இரண்டாம் பகுதி உகரக் குறியில் தொடங்கி மகரமெய்யும் புள்ளியுமாக நிற்கும். ‘வு’ என்னும் ஓரெழுத்து இரு செய்திகளில் பாதி பாதியாகப் பயணம் செய்கிறது. இரண்டும் வந்தால் கைப்பேசி அவற்றைக் கோத்துவிடும். ஒன்று தவறினால் ஏவல் வினை முடிவுறாது நிற்கும். பகுக்கும் தகவி 67ஐ உச்சவரம்பாக மட்டும் கொண்டு, அதற்கு முன்னுள்ள சொல்லெல்லையில், குறைந்தது எழுத்தெல்லையிலேனும் வெட்ட வேண்டும்.

செய்தியை எழுதுவோரும் இதில் செய்யத்தக்கது உண்டு. அதே சொற்களை இடம் மாற்றி அமைத்துப் பார்க்கலாம்:

“உடனே வெளியேறவும். குற்றாலம் பேரருவியில் வெள்ளப்பெருக்கு. குளிக்கத் தடை.”

இதுவும் 71 குறியலகே. இறுதிப் புள்ளியை விட்டால் ஒரே செய்தி. விடாமல் இரண்டாகப் பிரிந்தாலும் முதற்பகுதியின் 67 குறியலகுகள் ‘குளிக்கத்’ என்பதற்குப் பின்னுள்ள இடைவெளியோடு நிறைவுறுகின்றன. எழுத்து எதுவும் பிளக்கவில்லை. இரண்டாம் பகுதியில் எஞ்சுவது ‘தடை’ என்னும் ஒரு சொல்லும் புள்ளியுமே. அது வந்து சேராவிடினும் வெளியேறச் சொல்லும் ஏவலும் அதன் காரணமும் வந்துவிடும். வராத சொல் தகரத்தில் தொடங்குவது என்பதையும், முதற்பகுதியின் ஈற்றில் மிக்கு நிற்கும் தகர ஒற்று படிப்பவருக்குச் சொல்லிவிடும்.